வீட்டு பேக்கிங்: பாரிவாக்கம் வட்டார வரலாறு

வீட்டு பேக்கிங் என்பது குக்கி, மஃபின், ஸ்கோன் போன்ற எளிய மாவுப் பண்டங்களை வீட்டிலேயே ஓவனில் சுட்டெடுக்கும் முறை. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பேக்கிங் பவுடர் என்று ஐந்தாறு பொருள்களுக்குள் அடங்கிவிடும் வேலை. பூந்தமல்லி–ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கத்திலும், அதைச் சூழ்ந்த திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலும் இது வீட்டு அடுக்களைக்குள் பரவலாக வந்தது அண்மைக் காலத்தில்தான். பண்டங்களோ இந்த வட்டாரத்துக்குப் பழையவை. இடையில் நின்றது அடுப்பு.

தமிழ்நாட்டு அடுப்பு அடியிலிருந்து மட்டுமே சூடு தரும். இட்லி ஆவியில் வேகும், தோசை கல்லில் வேகும், முறுக்கு எண்ணெயில் வேகும். குக்கிக்கு இந்த மூன்றும் போதாது. மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரே சீராக உலர்ந்த சூடு அதற்கு வேண்டும். அந்தச் சூடு எவரிடம் இருந்ததோ அவரிடமே இந்தப் பண்டங்களும் இருந்தன என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

தணலும் படைமுகாமும்

ஓவன் இல்லாமலே மேல்சூட்டை உண்டாக்கும் வழி முஸ்லிம் வீடுகளில் முன்பே இருந்தது. மாவை ஊற்றிய பாத்திரத்தை மூடி, அடியில் தணல், மூடியின் மேலும் தணல். தம் அடை, ரவையும் கோவாவும் நெய்யும் சேர்ந்த தம்ரூட் ஆகியவை அப்படி வெந்தவை. இவை தமிழகத்தின் சொந்த கேக் வகைகள் என்றே சொல்லலாம். பேக்கிங் பற்றி எழுதுபவர்கள் இவற்றை விட்டுவிட்டு நேராக ஆங்கிலேயரிடம் போய்விடுவது நியாயமல்ல.

ஐரோப்பிய பாணி ரொட்டி இந்த வட்டாரத்துக்கு வந்த வழி பூந்தமல்லி ராணுவ முகாம். 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியப் படையினர் தங்கவைக்கப்பட்ட இடம் அது. அவர்களின் அன்றாட ரேஷனில் ரொட்டி உண்டு. ஈஸ்ட் கிடைக்காத ஊரில் மாவைப் பொங்கவைத்தது பனங்கள். கள்ளின் புளிப்பு நாளுக்கு நாள் மாறுவதால் ரொட்டியின் தரமும் மாறியது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் ஈஸ்ட் தேவைப்படாத பேக்கிங் பவுடரைச் செய்த பிறகு, டின்னில் அடைத்து வந்த அந்த வெள்ளைத் தூள் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, கலந்தவுடன் சுடலாம். இன்று நாம் அறிந்த ஸ்கோனும், கிண்ணத்தில் சுடும் மஃபினும் இந்தத் தூளை நம்பி வளர்ந்தவை.

1878-இல் வெளிவந்த ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்ற சமையல் நூல் அக்காலச் சென்னை அடுக்களைக்கு நல்ல சாட்சி. எழுதியவர் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த கென்னி-ஹெர்பர்ட். தம் நூலில் சென்னைச் சமையற்காரர் அனைவரையும் ‘ராமசாமி’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார். துரை வீட்டு மேசையில் இருந்த பண்டங்களைச் சுட்டவை பெயர் பதிவாகாத அந்த ராமசாமிகளின் கைகள். ஆனால் கற்ற வித்தை அவர்களின் சொந்த வீட்டுக்குப் போகவில்லை. டின் வெண்ணெயும் வெள்ளை மாவும் இரும்பு ஓவனும் அவர்கள் வாங்கக்கூடிய பொருள்களாக இருக்கவில்லை.

பேக்கரியின் காலம்

வேப்பேரிப் பக்கத்து ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-இலும், மெக்ரெனெட் 1903-இலும் தொடங்கின. இவற்றைப் போன்ற கடைகளின் விறகு அடுப்பு ஊருக்கே பொது ஓவனாகவும் இருந்தது. பெரம்பூர், வேப்பேரி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டில் கேக் மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கின. தட்டு மாறிவிடாமலிருக்க அதில் பெயர் எழுதிய காகிதத் துண்டு இருக்கும். ரொட்டி சுட்டு முடிந்தபின் செங்கல் சுவரில் தங்கும் மிதமான சூடு கேக்குக்குப் பொருத்தமானது. கலவை வீட்டினுடையது, நெருப்பு கடையினுடையது. நம் ஊரில் ஐரோப்பிய பாணி வீட்டு பேக்கிங்கின் முதல் வடிவமாக இதைக் கொள்வதே சரி.

கோதுமை பொதுமக்களிடம் வந்தது வேறு வழியில். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணம் கோதுமையை ஏற்க வேண்டியிருந்தது. 1954-இல் இயற்றப்பட்ட அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் வந்த கோதுமை மைதாவை மலிவாக்கியது. மத்திய அரசு 1965-இல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ரொட்டியை நோயாளி உணவு என்ற நிலையிலிருந்து காலை உணவாக்கியது.

மேற்குப் புறநகர் இதே காலத்தில்தான் தொழில் நகரமானது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் எம்.டி.எச். சாலையில் பிரிட்டானியா பிஸ்கட் தொழிற்சாலை நெடுங்காலம் இயங்கியது. ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் வெண்ணெய் பிஸ்கட்டும் உப்பு பிஸ்கட்டும் காத்திருந்தன. வெண்ணெய் பிஸ்கட் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே போனது டால்டா என்ற வனஸ்பதி. மொறுமொறுப்பு தந்தது அம்மோனியா உப்பு. டீயில் தோய்த்தால் உடனே கரையாமல், வாயில் வைத்ததும் உதிரும் அந்தப் பக்குவம் எளிதில் வருவதல்ல. இவ்வளவு மலிவாக, இவ்வளவு பக்கத்தில் கிடைத்த பண்டத்தை வீட்டில் செய்ய யாருக்கும் தேவை எழவில்லை.

குக்கரில் மணல்

பிரெஷர் குக்கர் பரவிய பின் ஓர் அடுக்களை உத்தி பிறந்தது. குக்கரின் அடியில் மணலையோ கல்லுப்பையோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கியின் மேல் கேக் பாத்திரத்தை இறக்குவார்கள். மணல் சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். பெண்கள் பத்திரிகைகளின் இலவச இணைப்புகள் இதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. கேக் நன்றாகவே வந்தது. குக்கிதான் வரவில்லை: அடி சிவந்து கருகும் நேரத்திலும் மேற்புறம் வெளுத்தே இருக்கும். மேல்சூடு இல்லாத குறை அங்கேயும் தீரவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின் ஓவன். மேலும் கீழும் கம்பிச்சுருள் கொண்ட இந்தப் பெட்டி ஆயிரம் வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். தமிழகத்தின் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை நம்பி மாவு கலக்கப் பலரும் தயங்கினர். மின்சாரம் சீரான பிறகு, யூடியூப் சமையல் காணொளிகள் ஆசிரியராக அமைய, ஓவன் அடுக்களை மேடையில் இடம்பிடித்தது. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில் பேக்கரிகள் மூடியிருந்தபோது, வீட்டில் சுடுவது தவிர வேறு வழியில்லாமல் போனதால் பலர் கற்றுக்கொண்டார்கள்.

வெயிலும் வெண்ணெயும்

ஆங்கிலச் செய்முறைகள் ‘அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்’ என்று சொல்லும்போது 20 டிகிரி செல்சியஸ் அறையை மனத்தில் வைத்திருக்கின்றன. பாரிவாக்கத்தில் மே மாத மதியம் அந்த அறை 35 டிகிரிக்கு மேல் இருக்கும். வெண்ணெய்க் கொழுப்பு உருகுவதும் ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான். உருகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு அடித்தால் காற்று பிடிக்காது. குக்கி தட்டில் வழிந்து அப்பளமாகிவிடும். ஆகவே இங்கே வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐந்து பத்து நிமிடங்களுக்குள் அடிக்க வேண்டும். உருட்டிய மாவைத் தட்டோடு அரை மணி நேரம் குளிரவைத்து, 170 முதல் 180 டிகிரியில் சுட வேண்டும். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்ற ஷார்ட்பிரெட் கணக்கு தொடக்கக்காரருக்குப் போதும். ஆவின் வெண்ணெயில் உப்பில்லாத சமையல் வெண்ணெய் இதற்கு ஏற்றது.

ஸ்கோனுக்கு வெண்ணெய் இன்னும் குளிர்ந்திருக்க வேண்டும். சிறு துண்டுகளாக்கி, மாவோடு விரல்நுனியால் பிசறி, ரவை பதம் வந்ததும் நிறுத்த வேண்டும். உள்ளங்கை பட்டால் உருகும். பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் ஆப்ப சோடாவும் புளித்த மோரும் போதும். புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் கரியமில வாயு கிளம்புவதால் தாமதிக்காமல் 200 டிகிரிக்கு மேல் சூடான ஓவனில் வைக்க வேண்டும். மஃபினில் செய்யும் பிழை அதிகமாகக் கலக்குவது. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு நிறுத்த மனம் வராது. மாவில் சிறு கட்டிகள் தெரியும்போதே கரண்டியை எடுத்துவிட வேண்டும். மீறினால் மாவின் பசையம் (குளூட்டன்) இறுகி மஃபின் ரப்பராகும்.

ஈரக்காற்று இன்னொரு சோதனை. மழைக்காலத்தில் ஆறவைத்த குக்கி ஓரிரு மணி நேரத்தில் நமுத்துவிடும். முழுதும் ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போடுவதும், நமுத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் மறுபடி சூடாக்குவதும் இங்கே செய்முறையின் பகுதி.

விற்பனை

வீட்டில் சுட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே விற்பது பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாகியிருக்கிறது. அதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். 2011-இன் விதிகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவரைச் சிறு உற்பத்தியாளராகக் கணக்கிட்டு, 100 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் பதிவு அளித்தன. கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் வந்தபின், அந்தக் கொழுப்புக்குப் பெயர்போன டால்டாவைத் தவிர்த்து வெண்ணெயில் சுட்டதாகச் சொல்வதே வீட்டில் சுட்டு விற்பவர்களின் முதல் விளம்பரமாயிற்று. சர்வதேசச் சிறுதானிய ஆண்டான 2023-ஐ ஒட்டிக் கேழ்வரகு, கம்பு குக்கிகளுக்குக் கேட்பு கூடியது. கேழ்வரகில் பசையம் கிடையாது. அதை மட்டும் வைத்துச் சுட்டால் குக்கி கையில் எடுக்கும்போதே உதிரும் என்பதால், பலர் கோதுமை மாவைக் கலந்தும் வெண்ணெயோடு சிறிது நாட்டுச்சர்க்கரைப் பாகு சேர்த்தும் பிணைக்கிறார்கள்.