மார்ஃபினும் சட்டமும்: கடும்வலிக்கான ஓபியாய்டு மருந்துகள் குறித்த இந்திய, அமெரிக்க அனுபவங்கள்

ஆய்வுச்சுருக்கம்

அபினியிலிருந்து பெறப்படும் மார்ஃபின் கடும்வலியைத் தணிக்கும் மருந்துகளுள் முதன்மையானது. அடிமைப்படுத்தும் ஆற்றலும் உடையது. இவ்விரு பண்புகளுள் ஒன்றை மட்டும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட கொள்கைகள் எத்தகைய விளைவுகளை உண்டாக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிந்தைய இந்தியாவும், 1990களுக்குப் பிந்தைய அமெரிக்காவும் ஒப்பிடப்படுகின்றன. கோழிக்கோட்டில் உருவான நோய்த்தணிப்பு மருத்துவ முறை மூன்றாவது சான்றாகக் கொள்ளப்படுகிறது. அடிமையாதல் என்னும் இடர் மருந்தைப் பொறுத்தது மட்டுமன்று. அது யாருக்கு, எவ்வலிக்கு, யாருடைய கண்காணிப்பில், எவ்வளவு காலம் வழங்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: மார்ஃபின், ஓபியாய்டு, கடும்வலி, அடிமையாதல், நோய்த்தணிப்பு மருத்துவம், போதைப்பொருள் சட்டம்.

முன்னுரை

மருத்துவத் தேவைக்காக அரசின் உரிமம் பெற்று அபினி பயிரிடும் மிகச் சில நாடுகளுள் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் கசகசாச் செடி வளர்க்கப்படுகிறது. முற்றாத காயைக் கீறி எடுக்கப்படும் பால், காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளைச் சென்றடைகிறது. அங்கிருந்து உலக நாடுகளின் மருந்து நிறுவனங்களுக்கு அபினி ஏற்றுமதியானது. ஆயினும் 1997 இல் நாடு முழுவதும் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ மட்டுமே. உலகின் வலிக்கு மருந்து விளைவித்த நாடு தன் நோயாளிகளுக்கு அதை வழங்க இயலாமற்போனது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

இவ்வினாவை இந்திய வரலாற்றைக் கொண்டு மட்டும் விளக்குவது போதாது. இந்தியாவில் மார்ஃபின் அரிதாகிவந்த அதே பத்தாண்டில் அமெரிக்காவில் அதே வகை மருந்துகள் பெருகத் தொடங்கின. ஒன்றில் அச்சமும் மற்றொன்றில் அளவுகடந்த நம்பிக்கையும் கொள்கையாயின. இரண்டையும் ஒருங்கே நோக்கும்போதுதான் இரண்டிற்கும் பொதுவான பிழை புலப்படும்.

மருந்தும் நஞ்சும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பின்புலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் ஃபிரீட்ரிக் செர்ட்டுர்னர் அபினியிலிருந்து அதன் செயலாக்கக் கூறினைப் பிரித்தெடுத்து, கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரை அதற்கு இட்டார். 1827 இல் மெர்க் நிறுவனம் அதை வணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1850களில் ஊசிக்குழல் புழக்கத்திற்கு வந்தபின் மார்ஃபினின் வேகமும் பயன்பாடும் பெருகின. ஊசி வழியே செலுத்தினால் அடிமையாதல் நேராது என்னும் நம்பிக்கை அப்போது சிலரிடம் நிலவியது. அது விரைவிலேயே பொய்த்தது. 1898 இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகச் சந்தைப்படுத்தியபோதும், அது மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது என்றே கருதப்பட்டது. ‘இம்முறை ஆபத்தில்லாத அபினி கிடைத்துவிட்டது’ என்னும் எண்ணம் தலைமுறைதோறும் புதிய வடிவில் தோன்றியதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பன்னாட்டு உடன்படிக்கைகள் இவ்வனுபவங்களின் விளைவாகும். அவற்றுள் தலையாயதான 1961 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தனி உடன்படிக்கை இருவகைக் கடமைகளை நாடுகள்மீது சுமத்துகிறது. அடிமையாதல் தனிமனிதருக்கும் சமூகத்திற்கும் கேடு என்பதால் அதைத் தடுக்கவேண்டும் என்பது ஒன்று. வலியையும் துன்பத்தையும் போக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதால் அவை கிடைக்க வழிசெய்யவேண்டும் என்பது மற்றொன்று. உடன்படிக்கையின் முகப்புரையில் இரண்டும் அடுத்தடுத்தே இடம்பெற்றுள்ளன. நடைமுறையில் பெரும்பாலான நாடுகள் முதற்கடமையை மட்டுமே சட்டமாக்கின.

சார்பும் அடிமையாதலும்: கருத்துத் தெளிவு

இவ்விவாதத்தில் மூன்று வேறுபட்ட நிலைகள் பெரும்பாலும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஒரு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளும்போது அதே அளவு முன்போல் பயன் தராமை தாங்குதிறன் எனப்படும். திடீரென நிறுத்தினால் உடல் நடுங்குதல், வியர்த்தல், வயிற்றுப்போக்கு முதலிய குறிகள் தோன்றுவது உடற்சார்பு எனப்படும். இவை இரண்டும் நீண்டகாலம் மார்ஃபின் பெறும் எவரிடமும் எதிர்பார்க்கத்தக்கவை. அளவைப் படிப்படியாகக் குறைப்பதன் மூலம் உடற்சார்பைக் கையாளலாம். அடிமையாதல் இவற்றினின்று வேறானது. கேடு விளைவது தெரிந்தும் கட்டுப்பாடின்றி மருந்தை நாடுவதும், வாழ்வின் பிற கடமைகள் அந்நாட்டத்தால் அழிவதும் அதன் அடையாளங்கள்.

வலி தணியாத நோயாளி அடுத்த வேளை மருந்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அடிமையாதலாகப் பிறருக்குத் தோன்றலாம். உரிய அளவு கிடைத்து வலி தணிந்ததும் அந்நடத்தை மறைந்துவிடும். தமிழில் மயக்கமருந்து, போதைப்பொருள், வலிநீக்கி என்னும் சொற்கள் ஒரே பொருளைச் சுட்டப் பயன்படுவதும் இக்குழப்பத்திற்குத் துணைசெய்கிறது. சட்டத்தின் பெயரில் ‘போதைப்பொருள்’ என்று வழங்கும் ஒன்றை மருத்துவர் எழுதித்தரும்போது குடும்பத்தினர் தயங்குவது இயல்பே.

1985 ஆம் ஆண்டுச் சட்டமும் இந்திய மருத்துவமனைகளும்

1985 க்கு முன்னர் அபினிப் பொருட்களை 1930 ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம் முதலியவை கட்டுப்படுத்தின. அச்சட்டத்தின்படி முதற்குற்றத்திற்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. கடத்தல் பெருகிவந்த சூழலில் அது போதாதெனக் கருதிய நாடாளுமன்றம் 1985 இல் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. குறைந்தபட்சம் 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள் கடுங்காவல் தண்டனையும், இலட்சக்கணக்கான ரூபாய் தண்டமும் இதில் விதிக்கப்பட்டன. 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் பிணை பெறுவதையும் கடினமாக்கியது.

இச்சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடைசெய்யவில்லை. எட்டாம் பிரிவு மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு வெளிப்படையாக விலக்களிக்கிறது. எனினும், மார்ஃபினைக் கைவசம் வைத்திருத்தல், விற்றல், மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்லுதல் ஆகியவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் விடப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை இயற்றியது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்குவதற்குப் பல உரிமங்களை வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து பெறவேண்டியிருந்தது. அவையனைத்தும் ஒரே காலத்தில் செல்லத்தக்கனவாக இருத்தலும் வேண்டும். ஓர் உரிமம் கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும் நிலை ஏற்பட்டது. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் கடுங்காவல் தண்டனை என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. மருந்தகங்கள் மார்ஃபினை இருப்பு வைப்பதைக் கைவிட்டன.

1985 இல் பல நூறு கிலோவாக இருந்த மருத்துவப் பயன்பாடு பன்னிரண்டு ஆண்டுகளில் 18 கிலோவாகச் சுருங்கியது இப்பின்னணியில்தான். உள்நாட்டில் பிரித்தெடுக்கப்பட்ட மார்ஃபினின் பெரும்பகுதி இருமல் மருந்துகளில் சேரும் கோடீனாக மாற்றப்பட்டது. இவ்வீழ்ச்சியின் நீண்டகால விளைவு மருத்துவக் கல்வியில் வெளிப்பட்டது. மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் காணாமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பயிற்சியை முடித்தனர். பின்னாளில் விதிகள் தளர்ந்தபோதும் மருந்தை எழுதித்தரும் பழக்கமும் துணிவும் உடனே திரும்பவில்லை. இதில் கருதத்தக்க முரண் ஒன்றுண்டு. 1986 இல், அதாவது இச்சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டில், உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்றுபடி வழிகாட்டுதலை வெளியிட்டு, அதன் உச்சப் படியில் வாய்வழி மார்ஃபினை வைத்தது.

இத்தனை கட்டுப்பாட்டின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். 2019 இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் ஓபியாய்டுகளைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. அவற்றுள் ஹெராயினே முதலிடம் பெற்றது. மருத்துவமனை அலமாரியை வெறுமையாக்கியதால் தெருவில் ஹெராயின் குறைந்துவிடவில்லை.

அமெரிக்கா: ஒரு கடிதத்தின் பயணம்

1980 சனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகியோரின் ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்று வெளியானது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஒருமுறையேனும் ஓபியாய்டு பெற்ற 11,882 பேருள், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதிருந்து பின்னர் அடிமையானதாகப் பதிவான நேர்வுகள் நான்கு மட்டுமே என்பது அதன் செய்தி. வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் மருந்து பெற்றோரைப் பற்றி அக்கடிதம் எதுவும் கூறவில்லை.

பின்வந்தோர் அவ்வரம்பை மறந்தனர். 2017 இல் கனடிய ஆய்வாளர்கள் அக்கடிதத்தைச் சுட்டிய 608 வெளியீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 72.2 விழுக்காடு, அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியிருந்தன, 80.8 விழுக்காடு, அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை.

1996 இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைப்படுத்தியது. மருந்து மெதுவாக வெளிப்படுவதால் தவறான பயன்பாடு குறையும் என்னும் கருத்து அதன் விளம்பரத்திற்கு வலுச்சேர்த்தது. புற்றுநோயாளிகளோடு நில்லாமல், முதுகுவலி, மூட்டுவலி போன்ற நாட்பட்ட வலிகளுக்கும் அது எழுதித்தரப்பட்டது. மருந்தின் இடர் குறித்துத் தவறாக விளம்பரம் செய்த குற்றத்தை அந்நிறுவனத்தின் துணை அமைப்பு 2007 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருந்துச்சீட்டு மாத்திரைகளில் தொடங்கிய இறப்புகள் 2010 முதல் ஹெராயினாலும், 2013 முதல் சட்டவிரோத ஃபென்டானிலாலும் பெருகின. 1999 முதல் 2021 வரை ஓபியாய்டு மிகைப்பயன்பாட்டால் இறந்தோர் ஏறத்தாழ 6,45,000 பேர்.

இதன் எதிர்வினையும் படிப்பினை தருவதே. 2016 இல் வெளிவந்த நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதலைச் சிலர் இறுக்கமான ஆணையாகக் கொண்டு, நெடுங்காலம் மருந்து பெற்றுவந்தோருக்குத் திடீரென நிறுத்தினர். அவ்வாறு நிறுத்துவது கடும் தீங்கு விளைக்கும் என 2019 இல் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்க நேர்ந்தது. 2022 இல் வழிகாட்டுதலும் திருத்தப்பட்டது.

கோழிக்கோடு: மூன்றாம் வழி

1993 இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம் தோன்றியது. அதன் புறநோயாளிப் பிரிவில் வாய்வழி மார்ஃபின் வழங்கப்பட்டது. நோயாளிகள் அதை வீட்டிற்கு எடுத்துச்சென்றனர். வலியின் அளவும் மருந்தின் அளவும் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. குடும்பத்தினருக்கு மருந்து கொடுக்கும் முறை கற்பிக்கப்பட்டது. பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் ஊர்த் தன்னார்வலர்கள் நோயாளிகளை வீடுதேடிச் சென்று பார்க்கும் வலையமைப்பாக இது விரிந்தது. 2008 இல் கேரள அரசு நோய்த்தணிப்பு மருத்துவத்திற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது.

2001 இல் லான்செட் இதழில் இராஜகோபால், ஜொரான்சன், கில்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. ஈராண்டுகளில் கோழிக்கோட்டில் புறநோயாளிகளாக வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 பேரிடம் தவறான பயன்பாடோ மருந்து வெளியே கசிந்ததோ கண்டறியப்படவில்லை. இந்திய விதிகளைத் தளர்த்தக் கோரியோருக்கு இது முதன்மைச் சான்றாயிற்று.

எனினும், போர்ட்டர்–ஜிக் கடிதத்திற்கு நேர்ந்தது இவ்வாய்வுக்கும் நேரக்கூடாது. மார்ஃபின் எவரையும் அடிமையாக்காது என்பதற்கு இது சான்றாகாது. கடும்வலி உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளுக்குப் பயிற்சிபெற்ற குழு பதிவேட்டுடனும் தொடர்கண்காணிப்புடனும் வழங்கியபோது தீங்கு நேரவில்லை என்பதற்கே இது சான்று. அக்குழுவும் பதிவேடும் இல்லாத இடத்திற்கு இம்முடிவைக் கொண்டுசெல்ல இயலாது. அமெரிக்காவில் நிகழ்ந்தது அதுவே: மருத்துவமனைக்குள் கண்ட உண்மை, கண்காணிப்பு இல்லாத வெளியுலகிற்கு நீட்டப்பட்டது.

2014 ஆம் ஆண்டுத் திருத்தம்

நோய்த்தணிப்பு மருத்துவர்களின் நெடிய முயற்சிக்குப்பின் நாடாளுமன்றம் 2014 இல் சட்டத்தைத் திருத்தியது. ‘இன்றியமையாப் போதைமருந்துகள்’ என்னும் புதிய வகை உருவாக்கப்பட்டு, நாடு முழுமைக்கும் பொதுவான விதிகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் வந்தது. 2015 இல் மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இவ்வகையில் அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்கு மாற்றாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் ஏற்பே ஒரு மருத்துவ நிறுவனத்திற்குப் போதுமானது. சட்டத்தின் தடை இவ்வாறு குறைந்தபின்னும் இடைவெளி மறையவில்லை. 2017 இல் வெளிவந்த லான்செட் ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, வலிதணிப்புக்குத் தேவையான ஓபியாய்டில் இந்தியாவிற்குக் கிடைத்தது ஏறத்தாழ 4 விழுக்காடு.

முடிவுரை

இந்திய அனுபவமும் அமெரிக்க அனுபவமும் எதிரெதிரானவையாகத் தோன்றினும் ஒரே பிழையில் வேர்கொண்டவை. இரண்டும் இடரை மருந்தினுள் மட்டுமே தேடின. ஒன்று அதை முழுதும் ஆபத்தென விலக்கியது. மற்றொன்று புதிய வடிவில் ஆபத்தில்லை என நம்பியது. முற்றிய புற்றுநோய், அறுவைச் சிகிச்சை, பெருங்காயம் ஆகியவற்றின் கடும்வலிக்கு மார்ஃபினை மறுப்பதற்கு அடிமையாதல் குறித்த அச்சம் போதிய காரணமன்று. நாட்பட்ட பிற வலிகளுக்கு அதே உறுதியுடன் அதைப் பரிந்துரைக்கச் சான்றில்லை. அங்குப் பிற வழிகளை முதலில் நாடுதலும், தொடங்கினால் அளவையும் காலத்தையும் வரையறுத்தலும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்தலும் வேண்டும்.

இனிச் செய்யவேண்டுவது சட்டத்தை மேலும் தளர்த்துவதினும், மருத்துவ, செவிலியக் கல்வியில் வலிமேலாண்மையை உறுதியாகப் பயிற்றுவிப்பதும், மாவட்ட மருத்துவமனைகளில் மருந்தும் பதிவேடும் பயிற்சிபெற்றோரும் ஒருங்கே இருக்கச் செய்வதுமாகும். 1961 ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு கடமைகளையும் அடுத்தடுத்து எழுதிவைத்தது. ஒன்றை நிறைவேற்ற மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதைக் கோழிக்கோட்டின் பதிவேடுகள் காட்டின.