கடல் வழிகாட்டலும் சப்ரகமுவத் தேயிலையும்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய அதன் இரு மாவட்டங்களும் நிலத்தால் சூழப்பட்டவை. ஆயினும் அம்மாகாணத்தின் எல்லையில் எழுந்து நிற்கும் சிவனொளிபாதமலை பல நூற்றாண்டுகளாகக் கடலோடிகளுக்கு அடையாளமாக விளங்கியது. முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை எனப் போற்றும் இச்சிகரத்தின் உயரம் 2243 மீற்றர். 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, அங்கிருந்து இம்மலைக்கு யாத்திரை மேற்கொண்டார். ஒன்பது நாள் கடற்பயணத் தொலைவிலேயே இம்மலை தமது கண்ணுக்குத் தென்பட்டதாக அவர் பதிவு செய்துள்ளார். தொலைவில் சற்று மிகை இருக்கலாம். மலையைக் கண்டு திசை தேர்ந்தனர் என்பதில் மிகை இல்லை. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி இப்னு மாஜித், விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு இந்து சமுத்திரத்தின் வழிகளை வகுத்துரைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் பெரிய பாஸஸ் பாறையில் 1873 இலும் சிறிய பாஸஸ் பாறையில் 1878 இலும் வெளிச்சவீடுகள் எழுந்தன.

இன்று மாலுமியின் கண் மலையையோ விளக்கையோ தேடுவதில்லை. கணினித் திரையையே நோக்குகின்றது. அத்திரையில் எது தெரிய வேண்டும், எவ்வாறு தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் பணி மூன்று சர்வதேச அமைப்புகளைச் சார்ந்துள்ளது. முதலாவது, லண்டனில் இயங்கும் ஐக்கிய நாடுகளின் சர்வதேச கடல்சார் அமைப்பு. இரண்டாவது, 1921 இல் மொனாக்கோவில் தோன்றிய சர்வதேச கடலளவை அமைப்பு. மூன்றாவது, வெளிச்சவீடுகள், மிதவைகள் முதலிய வழிகாட்டல் சாதனங்களுக்கென 1957 இல் உருவாகி, பாரிஸ் நகருக்கு அண்மையில் தலைமையகத்தைக் கொண்டுள்ள அமைப்பு. தொழில்சார் சங்கமாகவே நீண்ட காலம் இயங்கிய இது, 2024 ஓகஸ்ட்டிலேயே அரசுகளுக்கிடையிலான அமைப்பு என்னும் தகுதியைப் பெற்றது.

இவை ஒன்றுபட்டு இயங்குவது எளிதான காரியமன்று. ஒரு காலத்தில் உலகில் முப்பதுக்கு மேற்பட்ட மிதவை முறைகள் நடைமுறையில் இருந்தன. 1971 இல் ஆங்கிலக் கால்வாயின் டோவர் நீரிணையில் ஒரு கப்பல் மூழ்கியது. அதன் சிதைவில் மோதி மறுநாளே மற்றொன்றும், சில வாரங்களில் மூன்றாவது கப்பலும் மூழ்கின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிதைவைக் குறிக்க அடையாளங்கள் வைக்கப்பட்டிருந்தும் மூன்றாவது விபத்தைத் தடுக்க முடியவில்லை. இதன் பின்னரே பொது முறை பற்றிய பேச்சு வேகம் பெற்று, 1980 இல் டோக்கியோவில் இணக்கம் ஏற்பட்டது. அப்போதும் உலகம் இரண்டாகவே பிரிந்தது. துறைமுகத்துள் நுழையும் கப்பலின் இடப்புறத்தில் இலங்கை உள்ளிட்ட நாடுகள் சிவப்பு மிதவையை வைக்கின்றன. அமெரிக்கக் கண்டம், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியன அதே இடத்தில் பச்சையை வைக்கின்றன. ஒரு மிதவையின் நிறத்திலேயே முழு உடன்பாடு காணவியலாத உலகம், கணினித் தரவுகளில் உடன்பாடு காண முயல்கின்றது என்பதை மறக்கலாகாது.

அம்முயற்சியின் சுருக்கம் இது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2008 இல் இலத்திரனியல் வழிகாட்டலுக்கான மூலோபாயத்தையும் 2014 இல் அதன் நடைமுறைத் திட்டத்தையும் அங்கீகரித்தது. கப்பலிலும் கரையிலும் உள்ள தகவல்களைத் திரட்டி, ஒரே மொழியில் பரிமாறி, ஒரே விதமாகக் காட்டுவதே நோக்கம். கடதாசி வரைபடங்களுக்குப் பதிலாக இலத்திரனியல் வரைபடத் திரைகள், 2012 முதல் 2018 வரை படிப்படியாகப் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. அவை 1990களில் வகுக்கப்பட்ட எஸ்-57 என்னும் நியமத்தைப் பின்பற்றுபவை. கடதாசியில் இருந்ததையே அவை திரையில் காட்டின எனலாம். புதிய எஸ்-100 நியமத்தில் கடலடியின் ஆழம், நீர்மட்டம், நீரோட்டம், கப்பலின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திரையில் பொருந்தும். 2026 ஜனவரி முதல் இதனைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. 2029 ஜனவரி முதல் புதிதாகப் பொருத்தப்படும் கருவிகளுக்கு இது கட்டாயமாகும்.

இறக்குவானையிலோ தெஹியோவிட்டவிலோ கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கு இதனால் ஆவது என்ன என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. சப்ரகமுவவின் பெரும்பகுதித் தேயிலை தாழ்நிலத் தேயிலை வகையைச் சேர்ந்தது. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேற்பட்டது அவ்வகையே. அதனை விரும்பி வாங்குவோர் ஈராக், துருக்கி, லிபியா, ரஷ்யா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் உள்ளனர். ஆகவே ஹோர்மூஸ் நீரிணை, செங்கடல், சுயெஸ் கால்வாய் ஆகிய ஒடுங்கிய வழிகளைக் கடந்தே இத்தேயிலை பெரும்பாலும் சந்தையை அடைகின்றது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபோது, பெரும் கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நாட்கள் கூடினால் கட்டணம் கூடும். கட்டணம் கூடினால் கொழும்பு ஏலத்தில் கொள்வனவாளர் தயங்குவர். சிறுதோட்ட உரிமையாளரின் கொழுந்து விலை ஏல விலையோடு பிணைக்கப்பட்டுள்ளது. தோட்டங்களில் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனிகள் முதலில் எடுத்துக்காட்டுவதும் ஏல விலையையே.

அதே கடல்வழிகளில் மற்றோர் ஆபத்தும் முளைத்துள்ளது. செய்மதிச் சமிக்ஞைகளைக் குழப்பும் செயல் அது. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் மோதலின்போது, ஹோர்மூஸ் பகுதியில் சென்ற பல கப்பல்கள் தரைமீது நிற்பதாகத் திரைகள் காட்டின. அந்நாட்களிலேயே ஓமான் வளைகுடாவில் இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதித் தீப்பற்றின. மாலுமிகளின் கணிப்புத் தவறே அதற்குக் காரணமென ஐக்கிய அரபு அமீரகம் கூறியபோதிலும், திரையை மட்டும் நம்புவது எத்துணை அபாயமானது என்பது அப்பகுதியில் சென்ற எல்லா மாலுமிகளுக்கும் உறைத்திருக்கும். மூன்று அமைப்புகளும் வகுக்கும் நியமம் எத்துணைச் சிறந்ததாயினும், செய்மதியைச் சாராத மாற்று வழி இல்லையெனில் அது ஒற்றைக் காலில் நிற்பதாகவே முடியும். வெளிச்சவீடுகளையும் றேடார் கருவியையும் பழங்காலத்தன என்று ஒதுக்கிவிடும் போக்கு நமக்கு உடன்பாடானதன்று.

எனினும், இலங்கைக்கு மிகப் பெரிய பாடத்தைப் புகட்டியது திசை தவறிய கப்பலன்று. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் 2 இல் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தன் வழியைச் சரியாகவே அறிந்திருந்தது. அதிலிருந்த ஒரு கொள்கலனில் நைத்திரிக் அமிலம் கசிவதும் பல நாட்களுக்கு முன்னரே கப்பலில் இருந்தோருக்குத் தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத், இந்தியாவின் ஹசீரா ஆகிய துறைமுகங்களில் அக்கொள்கலனை இறக்க முயன்றும் இயலாமற்போனது. அச்செய்தி கொழும்பு அதிகாரிகளுக்கு உரிய வேளையில் எட்டியதா என்பதே பின்னர் நீதிமன்றத்தில் பெரும் வினாவாயிற்று. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஒரு துறைமுகம் அறிந்ததை அடுத்த துறைமுகமும் அறியுமாறு செய்வதே டிஜிட்டல் வழிகாட்டலின் உயிர்நாடி. கப்பல் வருகைத் தகவல்களை ஒற்றைச் சாளரத்தின் வழியே இலத்திரனியல் முறையில் பெறுவது 2024 ஜனவரி முதல் உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சாளரத்தைத் தானே அமைத்துக்கொள்கின்றது. சாளரங்கள் ஒன்றோடொன்று பேசாவிடில், கசியும் கொள்கலன் பற்றிய செய்தி மீண்டும் ஒரு துறைமுகத்திலேயே தங்கிவிடும்.

நமது கடமைகள் சிலவும் உள்ளன. எஸ்-100 நியமம் ஒரு வெற்றுப் பாத்திரமே. அதனை நிரப்ப வேண்டியது அந்தந்தக் கரையோர நாட்டின் அளவைத் தரவு. இலங்கையில் கடலளவைப் பணி நாரா நிறுவனத்துக்கும் கடற்படைக்கும் இடையே நீண்ட காலம் பிரிந்து கிடந்தது. இதனை ஒழுங்குபடுத்த 2024 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றியது வரவேற்கத்தக்கது. கப்பல், கருவி, பயிற்சி பெற்ற ஆளணி ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கப்படாவிடில் அச்சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். கடலடித் தரவு அரசியல் பொருளாகிவிட்டது என்பதையும் நாம் கண்டோம். 2022 இல் யுவான் வாங் 5, 2023 இல் ஷி யான் 6 ஆகிய சீனக் கப்பல்களின் வருகை புதுடில்லியில் கிளப்பிய சலசலப்பும், 2024 இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டதும் வாசகர் அறிந்தவை. நம் கடலை நாமே அளந்து வைத்திருப்பின், பிறர் அளக்க வரும்போது பேரம் பேசும் வலிமையாவது மிஞ்சும்.

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கேயுள்ள கப்பல் வழி பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெரும் பாதை அது. நீலத்திமிங்கிலங்கள் திரியும் பகுதியினூடாகச் செல்வதால் அவை கப்பல்களில் மோதி இறக்கின்றன. மிரிஸ்ஸ கடலில் நாளாந்தம் தொழில் செய்யும் சிறு படகுகளுக்கும் அப்பாதை அபாயமானது. 2022 இல் எம்.எஸ்.சி. என்னும் பெரும் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே 15 கடல் மைல் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. வழியை முறைப்படி மாற்ற வேண்டுமாயின் இலங்கை அரசாங்கமே சர்வதேச கடல்சார் அமைப்பிடம் முன்மொழிய வேண்டும். வழி மாறினால் தென்கரைத் துறைமுகங்களின் வருவாய் குறையும் என்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டு வந்தது. அந்த அச்சம் எந்த அளவுக்கு உண்மையானது என்பதைக் கணக்கிட்டு, கணக்கைப் பொதுமக்கள் முன் வைப்பது துறைமுக அமைச்சின் பொறுப்பாகும்.