மைசூர் நாட்டு வாட்பிடிகள்: சேகரிப்பும் விற்பனையும்

வாளேந்திய கையை எதிரியின் வெட்டு தீண்டாதிருக்கும் பொருட்டு அலகுக்கும் பிடிக்கும் இடையிலோ, பிடியைச் சூழ்ந்தோ அமைக்கப்படும் உலோக உறுப்பு கைக்காப்பு எனப்படும். ஜப்பானியரிடம் இது 'சுபா' என்ற பெயரில் தனிக்கலையாகவே வளர்ந்தது. தென்னிந்தியாவிலோ கைக்காப்பும் பிடியும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாய் இணைந்தே வளர்ந்தன. பெங்களூரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் நடுவாகக் கொண்ட மைசூர் நாட்டுப் பிடிகள், சென்ற இருநூறு ஆண்டுகளாக உலகச் சேகரிப்பாளர்கள் பெருவிருப்பத்தோடு தேடிவரும் பொருள்களுள் அடங்குவன.

ஜப்பானியச் சுபா உள்ளங்கையளவான ஒரு தனித் தகடு. அதன் நடுவில் அலகின் வேர்ப்பகுதி நுழைவதற்கு ஒரு துளை உண்டு. பிடியில் செருகிய மூங்கில் முளையைத் தட்டி எடுத்தவுடன் பிடி கழன்று, தகடு தனியே கைக்கு வந்துவிடும். ஒரே அலகுக்கு வெவ்வேறு தகடுகளைச் செய்வித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்நாட்டுப் போர்வீர வகுப்பினரிடம் இருந்தமையால், 1876ஆம் ஆண்டு பொது இடங்களில் வாள் தரிப்பதை அரசு தடைசெய்தபோது, அலகைத் துறந்த தகடுகள் மட்டும் திரள் திரளாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விலையாயின. பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள பெருந்தொகுதி அவ்வணிகப் பெருக்கின் விளைவேயாகும். நம் நாட்டுப் பிடிக்கு அத்தகைய தனிவாழ்வு வாய்க்கவில்லை. அதன் சரித்திரம் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது எனலாம்.

இந்தியப் பிடியின் உட்புறம் பொள்ளலானது. அதனுள் அலகின் வேரைச் செருகி, உருக்கிய அரக்குக் கலவையை வார்த்து இறுகச் செய்வது தொன்றுதொட்டு வந்த முறை. பெரும்பாலும் எஃகினால் அமைந்த இப்பிடிகளை உருவத்தால் நான்கு வகுப்பாகப் பிரிப்பது தகும்.

முதலாவது, தல்வார்ப் பிடி. உச்சியில் வட்டத்தட்டு, அதன் நடுவே சிறு குமிழ், குமிழில் மணிக்கட்டுக் கயிறு கோப்பதற்கான துளை, நடுவில் பருத்த கைப்பகுதி, அடியில் இருபுறமும் நீளும் குறுக்குக் கைகள், அலகின் இரு பக்கத்தையும் கவ்விப் பிடிக்கும் நாக்குகள் என்று இதன் உறுப்புகள் அமையும். சிலவற்றில் குறுக்குக் கையிலிருந்து எழுந்து உச்சித்தட்டை நோக்கி வளையும் விரற்காப்பும் உண்டு. முகலாயர் செல்வாக்கோடு தெற்கே பரவிய இவ்வகையே மைசூரை ஆண்ட ஹைதர், திப்பு ஆகியோர் காலத்தில் மிக்கு வழங்கிற்று.

இரண்டாவது, கண்டா என்னும் நேர்வாளுக்குரிய கூடைப்பிடி. அகன்ற தகடு விரல்களை முழுதும் மூட, உச்சியிலிருந்து முள்போன்ற ஒரு தண்டு எழும். இரு கையாலும் ஓங்கி வெட்டும்போது மற்றக் கை பற்றுவதற்கு அது உதவும். ஐரோப்பிய அலகுகள் துறைமுகங்களின் வழியே வந்திறங்கியபோது அவற்றுக்கும் நம் கொல்லர் இப்பிடியையே பொருத்தினர். அவ்வாறு பிறந்த கலப்பு வாளுக்குப் பிரங்கி என்று பெயர்.

மூன்றாவது, முழங்கை வரை இரும்புறையே கைக்காப்பாக அமைந்த பட்டா. தமிழில் இன்றும் வழங்கும் பட்டாக்கத்தி என்ற சொல்லை இதனோடு சேர்த்தே எண்ணல் வேண்டும்.

நான்காவது, விஜயநகர, நாயக்க மரபைச் சார்ந்த தென்னாட்டுப் பிடி. இதன் சிறப்பை எத்துணை விரித்துரைப்பினும் தகும். எஃகுத் தகட்டைச் சல்லடைபோல் துளைத்துச் செய்த இலைக்கொடிகள், யாளிமுகம், கிளி, மகரம் முதலிய உருவங்கள், பிடியிலிருந்து அலகின் மேல் நெடுந்தூரம் இறங்கி ஆணியால் இறுக்கப்பட்ட வலிவுப் பட்டைகள் ஆகியவற்றை நோக்குவோர்க்குக் கோயில் தூண்களைச் செதுக்கிய கற்பனையே கொல்லன் உலைக்கும் இறங்கி வந்ததோ என்ற எண்ணம் எழாமற் போகாது. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் புறங்கையை மூடும் பாய்போன்ற துளைவேலைத் தகடும் இம்மரபினதே. ஜப்பானியத் தகட்டின் நுண்மைக்கு இவை எவ்வாற்றானும் தாழ்ந்தவையல்ல.

அலங்கார முறையிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. எஃகின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறலிட்டு, அதன்மேல் பொற்கம்பியை வைத்துத் தட்டி மெருகேற்றுவது கோப்தகாரி. ஆழமாகப் பள்ளம் வெட்டிப் பொன்னைப் பதிப்பது தஹ்நிஷான். முன்னது கைபட்டுத் தேயும். பின்னது தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சுல்தான் தன் ஆயுதங்களுக்குப் புலியைச் சின்னமாகக் கொண்டான். பிடியின் உச்சியிலும் குறுக்குக் கைகளின் நுனியிலும் புலித்தலை, உடலெங்கும் 'பப்ரி' எனப்படும் வரிக்கோலம், அரபு எழுத்துக்களையே புலிமுகமாக வளைத்தெழுதிய முத்திரை ஆகியன அவனது அடையாளங்கள். 1791 மார்ச் 21ஆம் நாள் பெங்களூர்க் கோட்டை காரன்வாலிஸ் பிரபுவின் ஆங்கிலச் சேனைக்கு வீழ்ந்தது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணமும் வீழ, திப்பு களத்திலேயே மடிந்தான். அன்றிரவு தொடங்கிய கொள்ளைக்குப் பிறகு, எஞ்சிய பொருள்களைக் கொள்ளைப்பங்குக் குழுவினர் கணக்கெடுத்துப் படையினருக்குப் பகிர்ந்தனர். மைசூர் வாட்பிடிகளின் விற்பனைச் சரித்திரம் இப்பகிர்விலிருந்தே தொடங்குகிறது. முற்றுகையின் இறுதித் தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டு, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780ஆம் ஆண்டு சிறைப்பட்டு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் தளையுண்டு கிடந்தவர். திப்புவின் பள்ளியறையில் கிடைத்த வாள் அவருக்கே பரிசாக அளிக்கப்பெற்றது.

தஞ்சாவூர் ஆயுதசாலையின் கதி இதனினும் துயரமானது. கடைசி மன்னர் சிவாஜி 1855ஆம் ஆண்டு காலமாகி ராஜ்யம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வசமான பின், அங்கிருந்தவற்றில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர, மிகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. நாயக்கர் காலக் கொல்லர் மாதக்கணக்கில் துளைத்த எஃகு, காயலான் கடைத் தராசில் எடைக்கு எடை போயிற்று. அரசன் பெயர் ஒட்டிய வாள் பிழைத்தது; பெயரில்லாக் கைவினைஞனின் வாள் உருகிற்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தபின், இல்லங்களில் எஞ்சியிருந்தவையும் பரணுக்கும் கிணற்றுக்கும் போயின. ஆயுதபூஜையன்று வழிபடும் மைசூர் அரண்மனை ஆயுதசாலையும், கைல்பொல்து திருநாளில் ஆயுதங்களுக்குச் சந்தனமிடும் குடகரின் இல்லங்களுமே இந்நாட்டில் மரபு அறுபடாமற் காத்த இடங்கள்.

அண்மைக்கால ஏலங்களில் திப்புவின் பெயருக்கே விலை. பெங்களூர்த் தொழிலதிபர் விஜய் மல்லையா 2003ஆம் ஆண்டு லண்டன் ஏலமொன்றில் திப்புவின் வாள் ஒன்றை வாங்கிய செய்தி பெங்களூரில் பெரும் உவகையை விளைத்தது. திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றி 1992ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட ராபின் விகிங்டன் சேர்த்த தொகுதி 2015 ஏப்ரலில் பான்ஹம்ஸ் நிறுவனத்தாரால் ஏலம் விடப்பட்டபோது 60 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. மணிகள் பதித்த புலித்தலைப் பிடிகொண்ட வாள் ஒன்றே அதில் 20 லட்சம் பவுனைக் கடந்தது. 2023 மே 23ஆம் நாள் பள்ளியறை வாள் அதே நிறுவனத்தில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விற்றது. அதன் அலகு, பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஜெர்மானிய அலகுகளின் மாதிரியில் அமைந்தது. மைசூருக்குரிய மாண்பு முழுவதும் பொன்னெழுத்துப் பொறித்த அதன் பிடியில் விளங்குகிறது.

வாங்குவோர் முதலில் ஆராயவேண்டியது பிடியும் அலகும் பிறவித்துணையா என்பதே. சூடேற்றினால் அரக்கு இளகிப் பிடி கழன்றுவிடுமாதலின், வேறோர் அலகில் பொருத்தி விலை உயர்த்துதல் எளிது. நாக்குகளின் அடியில் அலகின் துருவுக்கும் பிடியின் துருவுக்கும் நிறவேறுபாடு இருத்தல், அரக்கு புதுமெருகோடு பிசுக்கின்றி இருத்தல், கைபடாத மூலைகளிலும் பொன் தேய்ந்து, கைபடும் நடுவில் தேயாதிருத்தல் ஆகியவை ஐயத்துக்கு இடந்தருவன. புலிவரி இருப்பதொன்றே திப்புவின் உடைமைக்குச் சான்றாகாது. எக்குடும்பத்திலிருந்து, எந்த ஆண்டு, எவ்வாறு வந்தது என்ற கைமாற்றுச் சரிதையே உண்மையான சாட்சி. எஃகுப்பிடியை எலுமிச்சையாலும் மணலாலும் தேய்த்துப் பளபளப்பாக்குவது பொற்கம்பியின் எஞ்சிய உயிரையும் போக்கிவிடும்.

1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையிலுள்ள, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள இத்தகைய பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமமும் வேண்டும். பெங்களூரில் தற்போது அவென்யூ சாலைப் பக்கத்துப் பழம்பொருட் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் எப்போதேனும் ஓர் அலகற்ற தல்வார்ப் பிடி, பித்தளைச் செம்புகளோடு கலந்து காணப்படும்.