சூழல் மாறிச் சோதனை (சி மொழி)

சி நிரல் சூழல் மாறியை கெட்என்வ் செயற்கூறு வழியே படிக்கிறது; மாறி இல்லையெனில் நல் (NULL) சுட்டி கிடைக்கும். ஆகவே முதல் சோதனை, மாறியை நீக்கிவிட்டு நிரலை ஓட்டுவதே. மாறி இல்லாமையும் வெற்று மதிப்போடு இருப்பதும் வேறு வேறு. நிரல்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இடையகத்தை மீறும் நீண்ட மதிப்பையும், எண்ணுக்குப் பதில் எழுத்தையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மதிப்பை அப்படியே நம்புவது ஆபத்து: 2014இல் வெளிப்பட்ட ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை, மாறியின் மதிப்பில் செயற்கூறு வரையறைக்குப் பின் ஒட்டியிருந்த கட்டளைகளையும் பேஷ் என்ற ஷெல் நிரல் இயக்கியதால் நேர்ந்தது.

சோதனைக்குள் மாறியை அமைக்கவும் நீக்கவும் போசிக்ஸ் தரத்தின் செட்என்வ், அன்செட்என்வ் உதவும். பழைய மதிப்பை முன்பே நகலெடுத்து முடிவில் மீட்பது கட்டாயம். கெட்என்வ் தந்த சுட்டியை மட்டும் வைத்திருந்தால் அடுத்த மாற்றத்தில் அது செல்லாததாகிவிடலாம். பல இழைகள் ஓடும்போது செட்என்வ், அன்செட்என்வ் செயற்கூறுகளை அழைப்பது பாதுகாப்பானதல்ல.