பர்மாவுக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

காசிமேட்டுக்குத் தெற்கே உள்ள சென்னைத் துறைமுகம் ஒரு காலத்தில் ரங்கூனுக்குப் போகும் வாசலாக இருந்தது. 1852-ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த பிறகு, ஐராவதி ஆற்றுச் சமவெளியில் நெல் பெருகியது. அங்கே ஆள் தேவை, இங்கே பஞ்சமும் கடனும். கூலிகள் கப்பலேறினார்கள். வட்டிக்குக் கொடுக்கச் செட்டியார்களும் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம் பேர்.

1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கடனுக்காகச் செட்டியார்கள் கைக்கு மாறின. கோபம் எல்லா இந்தியர்கள் மீதும் திரும்பியது. கடன் கொடுத்தவர் யாரோ, வெறுப்பைச் சுமந்தவர் கூலிக்காரர்! 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள்.

1962-ல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஏறக்குறைய வெறுங்கையோடு சென்னையில் வந்து இறங்கினார்கள். அரசு ஏட்டில் அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் அந்தத் தாயகத்தைப் பார்த்ததே அதுதான் முதல் தடவை.

பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். 1969-ல் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜார் உருவானது. அந்தப் பக்கம் தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ, நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் கலந்த அந்தப் பண்டம், அவர்கள் ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததுதான்.