ஒரு கூடு, ஒரு திருட்டு, பல லட்சம் கண்கள்



போன ஏப்ரல், மே மாதங்களில் என் அறையில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கணினி முன் உட்கார்ந்து ஒரு பறவைக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் ஒரு மரத்து உச்சியில் இருக்கும் கூடு அது. பக்கத்தில் ஒரு கேமராவைப் பொருத்தி இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அங்கே பொழுது விடியும்போது நமக்குக் காலை ஒன்பது, பத்து மணி ஆகியிருக்கும். தாய்ப் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஆண் பறவை காலில் ஒரு மீனோடு வந்து இறங்கும். அவ்வளவுதான்!

"இதில் என்னடா இருக்கு, இப்படி உட்கார்ந்து பார்க்க?" என்று அறை நண்பன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடப் போனபோதுதான் இந்தக் கேமராவுக்குப் பின்னால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருப்பது தெரிந்தது. அதில் திருடர்கள் உண்டு, காவல்காரர்கள் உண்டு, நல்ல திருப்பங்களும் உண்டு.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே, தமிழில் விராலடிப்பான். பெயரிலேயே தொழில் இருக்கிறது பாருங்கள்! இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் மீன்தான். சிறகை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். உயரத்திலிருந்து காலை நீட்டியபடி தண்ணீருக்குள் பாயும். வழுக்கும் மீனைப் பிடிக்க வசதியாக அதன் வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் கழிமுகங்களுக்கும் விராலடிப்பான்கள் வருவதுண்டு. ஆனால் இங்கே அவை மீன் பிடிக்க மட்டுமே வரும், கூடு கட்டாது. அதனால் கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நமக்குக் கேமராதான் வழி. ஸ்காட்லாந்துப் பறவைகள் குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு, வசந்தத்தில் திரும்பி வரும்.

திரும்பி எங்கே வரும்? பெரும்பாலும் அதே மரத்துக்கு, அதே கூட்டுக்கு. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குச்சிகளைச் சேர்த்துக் கூட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். இந்தப் பழக்கமே அதற்கு எமனாகவும் ஆனது. கூட்டை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும், அடுத்த வருடம் தேட வேண்டியதே இல்லையே!

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பறவை முட்டை சேகரிப்பது ஒரு மதிப்பான பொழுதுபோக்கு. இன்று தபால்தலை சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விராலடிப்பானின் முட்டை வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகளோடு மிக அழகாக இருக்கும். பறவை அரிதாக அரிதாக, முட்டைக்குக் கிராக்கி கூடியது. ஸ்காட்லாந்தில் லாக் ஆன் ஐலன் என்று ஓர் ஏரி ('லாக்' என்றாலே அங்கே ஏரிதான்). அதன் நடுவில் ஒரு தீவு, தீவில் பாழடைந்த கோட்டை, கோட்டை மேல் விராலடிப்பான் கூடு. 1850 வாக்கில் லூயிஸ் டன்பார் என்பவர் குளிர்ந்த அந்தத் தண்ணீரில் நீந்திப் போய் அந்தக் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து வந்தார். அவை ஜான் வூல்லி என்ற புகழ்பெற்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்கள் யாரும் பறவையை வெறுத்தவர்கள் அல்ல. பறவை மேல் பித்துப் பிடித்தவர்கள்! அந்த அன்புதான் கூட்டைக் காலி செய்தது.

முட்டைக்காரர்கள் ஒரு பக்கம். மீனைத் தின்கிறது என்று சுட்டவர்கள் இன்னொரு பக்கம். பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சுட்டவர்கள் வேறு. லாக் ஆர்கெய்க் போன்ற சில இடங்களில் நில உரிமையாளர்களே கூடுகளுக்குக் காவல் போட்டுப் பார்த்தார்கள். பலனில்லை. 1916க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் விராலடிப்பான் கூடு கட்டுவது நின்றுபோனதாகவே கருதப்பட்டது.

சுமார் நாற்பது வருடங்கள் ஓடின. 1954இல் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் ஒரு ஜோடி வந்து குஞ்சு பொரித்தது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த பறவைகளாக இருக்கலாம் என்கிறார்கள். அதே 1954இல்தான் பிரிட்டனில் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் மரத்தடியில் வந்து நிற்குமா? அடுத்தடுத்த வருடங்களில் கூடு கட்டும் முயற்சிகள் தோற்றன.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரில் 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டவர். போர்க்கைதி முகாமில் இருந்துகொண்டே ஃபேர் ஐல் தீவில் ஒரு பறவை ஆய்வு நிலையம் அமைக்கத் திட்டம் போட்டவர். விடுதலையான பிறகு அதை அமைத்தும் காட்டினார். 1950களில் அவர் ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பில் இருந்தார்.

1958இல் கூட்டுக்கு ரகசியக் காவல் போடப்பட்டது. தன்னார்வலர்கள் இரவும் பகலும் முறைபோட்டு மறைவிடத்திலிருந்து பார்த்தார்கள். ஜூன் தொடக்கத்தில் ஓர் இருட்டு இரவு. காவலில் இருந்தவர்கள் கண்ணில் பட்டபோது திருடன் ஏற்கெனவே மரத்தின் மேல் இருந்தான்! கத்திக்கொண்டே ஓடினார்கள். அவன் இறங்கி இருட்டில் மறைந்துவிட்டான். விடிந்ததும் பார்த்தால் மரத்தடியில் உடைந்த முட்டைகள். கூட்டிலோ இரண்டு கோழி முட்டைகள், பழுப்பு ஷூ பாலிஷ் பூசி வைக்கப்பட்டிருந்தன. உண்மையான முட்டைதான் இருக்கிறது என்று காவலர்கள் நம்பட்டும் என்ற ஏற்பாடு. பாவம், பறவைகளுக்கு அந்த வருடம் குஞ்சே இல்லை.

நீங்களாக இருந்தால் அடுத்த வருடம் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் இன்னும் ரகசியமாக வைத்திருப்பேன். வாட்டர்ஸ்டன் நேர் எதிராக யோசித்தார். 1959இல் கூட்டைச் சுற்றி முள்கம்பி போட்டார், காவலைக் கூட்டினார், அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவிக்க ஏற்பாடானது. அதெல்லாம் சரி. அதற்கும் மேலாக, "வாருங்கள், வந்து பாருங்கள்!" என்று ஊருக்கே அழைப்பு விடுத்தார். தூரத்தில் ஒரு பார்வைக் கூடம், அதில் தொலைநோக்கிகள். அந்த ஒரே பருவத்தில் 14,000 பேருக்கு மேல் வந்தார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் கூட்டில் மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன!

என்னை யோசிக்க வைத்தது இந்த இடம்தான். ரகசியமாக வைத்தபோது அந்த ரகசியம் யாருக்குத் தெரியாமல் இருந்தது? திருடனுக்கா? அவனுக்கு மரம், நேரம், முட்டையின் நிறம் எல்லாமே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது காப்பாற்றக்கூடிய சாதாரண ஜனங்களுக்குத்தான். ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கு அது "எங்கோ இருக்கும் பறவை" இல்லை, "நம்ம பறவை". பிற்காலத்தில் லாக் கார்ட்டனுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது.

இருந்தாலும் பார்வை மட்டும் போதாது என்பதற்கும் இதே கதையில் சாட்சி உண்டு. 1950, 60களில் வயல்களில் தெளித்த டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் பூச்சி, மீன் வழியாக இரைப்பறவைகளின் உடலில் சேர்ந்தன. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. விஷத்தை எந்தக் காவலன் பிடிப்பான்? இதை 1967இல் ஆதாரத்தோடு காட்டியவர் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டன் விஞ்ஞானி. பழைய முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் எடை போட்டு ஒப்பிட்டார். பழைய ஓடுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? முட்டை சேகரிப்பாளர்களின் பெட்டிகளில்! கூடுகளைக் காலி செய்தவர்களின் அலமாரியே கடைசியில் பறவைகளுக்காகச் சாட்சி சொன்னது.

மீட்சி மெதுவாகத்தான் நடந்தது. 1976இல்கூட ஸ்காட்லாந்தில் 14 ஜோடிகள்தான். 1960இல் லாக் கார்ட்டனில் இளம் காவலராக இருந்த ராய் டென்னிஸின் வழிகாட்டலில், 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகள் இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. 2001இல் அங்கே குஞ்சு பொரித்தது. இன்று பிரிட்டன் முழுவதும் சுமார் 250 முதல் 300 ஜோடிகள் இருக்கின்றன.

தொலைநோக்கியின் இடத்துக்குக் கேமரா வந்தது. லாக் ஆஃப் தி லோஸ் ஏரிக் கூட்டில் 'லேடி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட வயதான பெண் பறவை இருந்தது. 2010 ஜூனில் அது நோய்ப்பட்டுக் கூட்டிலேயே சாய்ந்துவிட்டது. கேமரா வழியாக உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பிழைக்காது என்றே நினைத்தார்கள். சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து மீன் சாப்பிட்டது! முன்பு காவல் போட்டும் பலிக்காத லாக் ஆர்கெய்க்கிலும் 2017இல் ஒரு கூட்டுக் கேமரா வந்தது.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் 1986இல் லாக் கார்ட்டன் கூட்டு மரத்தையே யாரோ இயந்திர ரம்பத்தால் அறுக்கப் பார்த்தார்கள். 2021 வசந்தத்தில் வேல்ஸில் லின் பிரெனிக் ஏரியில், முதல் முட்டை இட்டிருந்த நேரத்தில், கூடு இருந்த கம்பத்தை இரவோடு இரவாக அறுத்துத் தள்ளினார்கள். அங்கேயும் கேமரா இருந்தது. கேமராவால் ரம்பத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கூடு விழுந்த செய்திக்காக முகம் தெரியாத எத்தனையோ பேர் கொதித்தார்களே, 1916இல் அப்படிக் கொதிக்க எத்தனை பேர் இருந்தார்கள்? வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அறை நண்பனுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். "ஓஹோ" என்றான், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். திரையில் தாய்ப் பறவை மெல்ல எழுந்து முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

"சத்தம் போடாதே, பார்" என்றான்.