விளம்பரம் இடம் தேடிய கதை

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிச் சாலை வழியே வடக்கே சென்றால் உப்புவெளி வரும். கடற்பக்கம் திரும்பினால் உல்லாசப் பயண விடுதிகள். சாலையோரத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்கள் உறங்கும் பொதுநலவாய யுத்த மயானம். அந்தக் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரையும், மயானத்தைப் பற்றி இன்னொரு கட்டுரையும் ஒரே இணையத்தளத்தில் வெளிவருவதாகக் கொள்வோம். ஊர் ஒன்று, எழுதியவரும் ஒருவரே. ஆயினும் முதற் கட்டுரையின் அருகில் விடுதிகளினதும் விமானப் பயணங்களினதும் விளம்பரங்கள் போட்டியிட்டு வந்து அமரும். மற்றதற்குப் பெரும்பாலும் மலிவான விளம்பரமே கிட்டும்; சில வேளைகளில் அதுவும் இல்லை. இதனைத் தீர்மானிப்பது யார்?

அச்சுப் பத்திரிகையில் அதற்குப் பதில் எளிது. விளம்பர முகாமையாளரும் பக்கம் அமைப்பவரும் தீர்மானித்தார்கள். விமான விபத்துச் செய்தி வரும் நாளில் விமானக் கம்பனியின் விளம்பரத்தை ஒத்திவைப்பது பழைய வழக்கம். ஆனால், வந்த பணம் முழுவதும் ஒரே உண்டியலில் விழுந்தது. 1930இல் பிறந்த வீரகேசரி, 1932இல் பிறந்த தினகரன் முதலாக இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் யாவும் மரண அறிவித்தல்களையும் நகைக்கடை விளம்பரங்களையும் தாங்கியே வந்திருக்கின்றன. நகைக்கடை தந்த பணமே, படுகொலை நடந்த கிராமத்துக்குச் சென்ற நிருபரின் பஸ் கட்டணத்தையும் கொடுத்தது. எந்தச் செய்தி எவ்வளவு சம்பாதித்தது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை; பார்க்கவும் வழியில்லை.

1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஹொட்வயர்ட் இணையத்தளத்தில் முதற் பதாகை விளம்பரங்கள் தோன்றியபோதும் பத்திரிகை முறையே தொடர்ந்தது. இடத்தை விலை பேசி வாங்கினார்கள். 1996இல் தொடங்கிய டபிள்கிளிக் பல தளங்களின் இடங்களை ஒன்றுதிரட்டி விற்றது. பெருமாற்றம் 2003இல் வந்தது. அவ்வாண்டு கூகுள் தொடங்கிய அட்சென்ஸ், பக்கத்தை இயந்திரத்தைக் கொண்டு வாசித்து, அதிலுள்ள சொற்களுக்கு ஏற்ற விளம்பரத்தை இட்டது. சொல்லை அறிந்த இயந்திரம் பொருளை அறியவில்லை. கொலையுண்டவரின் உடலைப் பயணப் பெட்டியில் அடைத்த செய்தியை நியூயோர்க் போஸ்ட் தளம் வெளியிட்டபோது, அருகிலேயே பயணப் பெட்டி விளம்பரம் வந்தது அந்த ஆண்டில்தான்.

தமிழை அந்த இயந்திரம் நெடுங்காலம் வாசிக்கவே இல்லை. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தது. நம் கண்ணுக்கு அது தமிழ். இயந்திரத்துக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோட் பரவிய பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. அட்சென்ஸ் 2014இல் ஹிந்தியையும், 2018இல் தமிழையும் ஏற்றுக்கொண்டது. தமிழ் வலைப்பதிவுகள் செழித்த ஆண்டுகள் பெரும்பாலும் அந்த வருவாயின்றியே கழிந்தன.

இதற்கிடையில் முறையும் மாறிவிட்டது. இன்று நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும் கணத்தில், ஏறக்குறைய ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், ஏலமே நடந்து முடிகிறது. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், முன்னர் எவற்றைப் பார்த்தார், பக்கம் எதைப் பற்றியது என்ற தகவல்களைக் கொண்டு விளம்பரதாரர்களின் கணினிகள் விலை கூறுகின்றன. ஒரே உப்புவெளிக் கட்டுரை ரொறன்ரோவில் ஒரு விலைக்கும் திருகோணமலையில் வேறொரு விலைக்கும் போகலாம்.

2017இல் தீவிரவாதக் காணொளிகளின் அருகே தமது விளம்பரங்கள் வந்ததைக் கண்ட பெருங்கம்பனிகள் யூடியூபிலிருந்து விலகின. அதன் பின்னர் விலக்குப் பட்டியல்கள் மேலும் இறுகின. கூகுள் விளம்பரச் சேவையில் ‘துயரமும் மோதலும்’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. விளம்பரதாரர் வேண்டாமெனக் குறித்தால் போதும். கொலை, சடலம், குண்டு போன்ற சொற்களையே தடை செய்வோரும் உண்டு. அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், கொலையைக் கொண்டாடும் பக்கத்தையும் கொலையை அம்பலப்படுத்தும் பக்கத்தையும் சொற்பட்டியல் பிரித்தறியாது.

திருகோணமலைக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி அந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று கூறப்பட்டபோது, சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய செய்தி இன்று இணையத்தில் வந்தால், விலக்குப் பட்டியல் தேடும் சொற்கள் ஏறக்குறைய அனைத்தும் அதில் இருக்கும். அச்சில் பக்கங்கள் ஒன்றையொன்று தாங்கின. இணையத்தில் ஒவ்வொரு பக்கமும் தனியே தராசில் ஏறுகிறது. கடற்கரைக்கு எடை கூடுகிறது. அதே கடற்கரையில் சிந்திய இரத்தத்துக்கு எடையில்லை.

ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது. புலம்பெயர் தமிழ்த் தளங்கள் பலவற்றில் இன்றும் மரண அறிவித்தல்கள் கட்டணத்துடன் வெளியாகின்றன. இறந்தவரின் குடும்பத்தினர் ஏலத்துக்கு வருவதில்லை. தளத்தைத் தேர்ந்து நேரடியாகப் பணம் செலுத்துகிறார்கள். இயந்திரம் கண்டு ஒதுங்கும் சொல்லே அங்கே தளத்தின் பழைய உண்டியலை நிரப்புகிறது. விளம்பரம் தருவோர் சொல்லைப் பாராமல் தளத்தைத் தெரிந்தெடுக்கும் இந்த வழக்கம் பரவினால், மயானத்தைப் பற்றி எழுதுபவரும் பிழைப்பார்.